பால் குடிக்காதவளுக்குச் சொரப்பு ஏது

"நீங்க சைவமா, அசைவமா?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. எதைச் சொன்னாலும் வம்பு. கறி சாப்பிட மாட்டேன் என்றால், "அப்போ தயிர் போட்டுக்கங்க" என்று கரண்டியோடு வந்து நிற்பார்கள். தயிரும் வேண்டாம் என்றால் முகம் மாறிப்போகும். "ஏனுங்க, வயிறு சரியில்லீங்களா?" நன்றாகத்தான் இருக்கிறது. "விரதமா? எந்தக் கோயிலுக்குங்க?" எந்தக் கோயிலுக்கும் இல்லை. அதற்கப்புறம் என்னிடம் கேட்க மாட்டார்கள், பக்கத்து இலைக்காரரிடம் கிசுகிசுப்பார்கள். பால், தயிர், நெய் எதையும் தொடாதவர்களுக்கு இப்போது ஏதோ இங்கிலீஷ் பேர் இருக்கிறதாம். எழுபதுகளில் திருப்பூரில் எனக்கு இருந்த பேர் திமிர் பிடித்தவள்.

நான் பாலை விட்டதில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா வைத்திருந்த மாட்டின் கன்று செத்துப்போனது. கன்று வந்து முட்டினால்தான் மாட்டுக்கு மடியில் பால் இறங்கும். அப்படி இறங்குவதைச் சொரப்பு விடுவது என்பார்கள். கன்று இல்லாவிட்டால் மாடு மடியை இறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்காகச் செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, மாட்டுக்கு முன்னால் நிறுத்துவார்கள். தோல்கன்னு என்று பேர். ஊரில் எல்லாரும் செய்ததுதான், அப்பாவும் செய்தார். மாடு அதை மோந்து பார்த்தது, நக்கியது, சொரப்பு விட்டது. அப்பா கறந்தார்.

தோல்கன்னைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. காலையும் சாயங்காலமும் நின்றேன். ஒரு மாசம் நக்கி நக்கிக் கழுத்துப் பக்கம் தையல் விட்டுப்போய் வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. மாடு அந்த வைக்கோலையும் நக்கியது. பிறகு பல்லால் இழுத்தது. பிறகு மென்று தின்றது. என் கைக்குள் இருந்த கன்று கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போனது. அப்பா குனிந்து கறந்துகொண்டிருந்தார், அவர் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா கொடுத்த பால் தொண்டைக்குள் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. நாலு நாள் திட்டினார்கள், ரெண்டு நாள் அடித்தார்கள், அப்புறம் தலையில் தண்ணி தெளித்து விட்டுவிட்டார்கள். கம்மஞ்சோறு, ராகிக்களி, கொள்ளுப்பருப்பு, கடலை, தேங்காய் என்று நன்றாகத்தான் தின்று வளர்ந்தேன்.

கல்யாணம் ஆகித் திருப்பூருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டைலர். அவருடைய அம்மா, எனக்கு அத்தை, கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிற மாதிரி இருப்பார். வாயும் நல்ல வாய்தான். தாலி கட்டி முடித்ததும் மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுப்பார்கள் அல்லவா, அதில்தான் வந்தது வினை. டம்ளரை உதட்டில் வைத்துவிட்டு நான் குடித்த மாதிரி இறக்கிவிட்டேன். அத்தை டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பால் விளிம்பு வரைக்கும் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "எங்க ஊட்டுப் பாலு உனக்கு ஆகலியா அம்மிணி?" என்று கேட்டார். உங்கள் வீட்டுப் பால் என்று இல்லை, எந்தப் பாலும் ஆகாது என்று காரணத்தைச் சொன்னேன். அவருக்கு அது மண்டைக்குள் ஏறவே இல்லை. மாட்டுக்காகப் பாலை விட்டவள் என்று ஒருத்தி இருப்பாளா? வாழ வந்த வீட்டை அவமதிக்கிறதுக்கு இவள் கண்டுபிடித்த வழி என்றே முடிவு கட்டிவிட்டார்.

எங்கள் வீதிக்குப் பால்காரர் மாட்டையே ஓட்டிக்கொண்டு வருவார். தண்ணி கலக்கவில்லை என்று நம்புவதற்காக வாசலில் நிறுத்திக் கண்முன்னால் கறந்து ஊற்றுவார். மாட்டு மணி கேட்டதும் நான் வெளியே வந்து பார்ப்பேன். கன்று பின்னால் நடந்து வருகிறதா, இல்லை தோல்கன்னாக அவருடைய கக்கத்தில் வருகிறதா என்று பார்க்கத்தான். அந்த வருஷம் கன்று துள்ளிக்கொண்டு நடந்து வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியும் நான் குடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் வேலை செய்த கம்பெனியிலேயே எனக்கும் வேலை கிடைத்தது. டைலருக்குப் பக்கத்தில் நின்று பனியன் பீஸை மடித்து மடித்து நீட்டுகிற வேலை. கைமடி என்பார்கள். சோற்று நேரத்தில் என் தூக்குப்போசிதான் எல்லாருக்கும் வேடிக்கை. மோர் இல்லாத சோற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி. தைத்த பீஸைச் சரிபார்க்கிற செக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீடு, நல்ல மனசு, ஆனால் வாய் சும்மா இருக்காது. "கல்யாணத்துக்குப் பட்டுக் கட்டுனியே, அதுல எத்தனை புழு செத்துச்சு, அது உசுரு இல்லியா?" என்று மடக்குவார். "கட்டித் தொலைச்சுட்டேனுங்க. ஒரு தப்பு பண்ணிட்டா இன்னொன்னும் பண்ணோணுமா?" என்பேன். "செடிக்குந்தான் உசுரு இருக்குது." "கீரையப் பறிச்சா பக்கத்துக் கீரை கத்திக்கிட்டு பின்னாலயா வருது?" அக்கா சிரித்துவிடுவார். மற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள். பால் குடிக்காத உடம்பில் தெம்பு எங்கிருந்து வரும் என்று, இடுப்பில் பீஸ் மூட்டையோடு மாடி ஏறிக்கொண்டிருக்கிற என்னிடமே சொல்வார்கள். மூட்டை அவர்கள் கண்ணுக்குத் தெரியாது போல.

இதெல்லாம் சில்லறைப் பேச்சு, காதில் வாங்காமல் இருந்துவிடலாம். என் குழந்தை பிறந்த பிறகுதான் அந்தப் பேச்சு என் கழுத்தைப் பிடித்தது.

பெண் குழந்தை. வயிற்றில் இருந்தபோது குங்குமப்பூப் பால் குடிக்கவில்லை என்று அத்தை என்னோடு எத்தனையோ நாள் பேசாமல் இருந்தார். பிறந்த பிறகு குழந்தை நன்றாகத்தான் குடித்தாள். கொழுகொழு என்று இல்லை, ஆனால் விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிப்பாள், கூப்பிட்டால் திரும்புவாள். மூன்றாம் மாசம் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனேன். காலையில் கொடுத்துவிட்டுப் போய், மத்தியானம் ஓடி வந்து கொடுத்துவிட்டு, மறுபடி ஓடுவேன். நடுவில் அழுதால் அத்தை மாட்டுப்பாலில் தண்ணி கலந்து பாலாடைச் சங்கில் புகட்டுவார். பத்து நாளில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. நின்றது, மறுபடி வந்தது. தொடையில் சதை வற்றித் தோல் மடிப்பு விழுந்தது.

அத்தை பயந்துபோனார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெற்றதில் இரண்டை ஒரு வயசுக்குள் மண்ணில் வைத்தவர் அவர். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் தண்ணி எடுத்து, என் பாலைப் பீச்சி அதில் இரண்டு சொட்டு விடச் சொன்னார். விட்டேன். சொட்டு தண்ணியில் பரவிக் காணாமல் போனது. "பாத்தீங்களா, தண்ணியோட தண்ணியாப் போயிருச்சு. இதுல என்ன சத்து இருக்கும்? பால் குடிக்காதவளுக்குச் சொரப்பு ஏதுங்க?" என்றார்.

சொரப்பு. மாட்டுக்குச் சொல்கிற சொல். அதை என்னைப் பார்த்துச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. வாய் சும்மா இருக்கவில்லை. "மாடு என்ன பால் குடிச்சா பால் கறக்குது? புல்லும் தவிடும்தான திங்குது?" என்று கேட்டுவிட்டேன்.

"மாடும் நீயும் ஒண்ணா அம்மிணி?" என்றார் அத்தை. கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். நான் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், காலையும் மாலையும் பால் குடிக்க வேண்டும். முருகனுக்கு வேண்டிக்கொண்டு குடிக்க வேண்டும். அதுவரைக்கும் குழந்தையை மார்பில் போடக் கூடாது. என் பால் அவள் வயிற்றைக் கெடுக்கிறது, மாட்டுப்பால்தான் காப்பாற்றும். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நல்ல மனுசன், ஆனால் அம்மாவுக்கு எதிரே நாக்கு எழும்பாது. "ஏம்புள்ள, குடிச்சுத்தான் தொலையேன். புள்ள உசுரு பெருசா, உன்ற பிடிவாதம் பெருசா?" என்றார்.

குடித்தேன். முதல் நாள் குடித்த வேகத்தில் வெளியே வந்துவிட்டது. அத்தை மறுபடி காய்ச்சிக் கொடுத்தார், மறுபடி குடித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தோல்கன்னை நினைக்காமல் குடித்தேன். எனக்கு என் கொள்கை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. குழந்தையின் தொடைதான் கண்ணில் நின்றது. நான் உயிரைக் கொடுத்து விரதம் காக்கிற சாமியாரிணி என்று அவர்கள் நினைத்தார்கள். நானோ, யாராவது மண்ணைத் தின்னு குழந்தை பிழைக்கும் என்றிருந்தால் மண்ணைத் தின்றிருப்பேன்.

ஆனால் குழந்தை தேறவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அழுகைகூடச் சின்னதாகிவிட்டது. பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே கூட்டமான கூட்டம். டாக்டரம்மா குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாய்ப்பால் குடுக்கறீங்களா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அவளுக்குப் பால் இல்லீங்க சாமி" என்று அத்தை சொல்லிவிட்டார். டாக்டரம்மா மருந்து எழுதினார், கொதித்து ஆறிய தண்ணி கொடுக்கச் சொன்னார், அடுத்த குழந்தை வந்துவிட்டது. அந்த நேரத்தில் என் ரவிக்கை நனைந்து சேலை வரைக்கும் ஈரம் ஊறியிருந்தது. நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன், ஏன் காட்டவில்லை என்று என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும். வெட்கம்தான், வேறென்ன. அந்த வெட்கத்தை எந்தச் சாயக்கழிவில் கொண்டுபோய்க் கொட்டுவது?

கம்பெனியிலும் அதே கதைதான். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், நான் மடித்து நீட்டிக்கொண்டிருப்பேன், எந்த வீட்டிலோ ஒரு குழந்தை அழுகிற சத்தம் ஜன்னல் வழியாக வரும், உடனே இங்கே ஊறி வழியும். வேஸ்ட் துணியைச் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வேன். கொல்லைப் பக்கம் சாயத்தண்ணி ஓடுகிற சாக்கடை இருந்தது. மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும்போது அங்கே போய்ப் பீச்சிவிட்டு வருவேன். ஒரு நாள் நீலத் தண்ணி, ஒரு நாள் சிவப்புத் தண்ணி, அதில் என் குழந்தையின் சோறு போய்க்கொண்டிருந்தது. போகப் போகக் குறைந்தது. இரண்டு வாரம் கழிந்தபோது பிழிந்தாலும் நாலு சொட்டுதான்.

செக்கிங் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் கையைப் பிடித்து நிறுத்தி, "வத்த உட்டுறாத கண்ணு. வத்திப் போச்சுன்னா அப்புறம் மண்டலம் முடிஞ்சு என்ன, வருஷம் முடிஞ்சு என்ன? புள்ளையோட துணி ஏதாச்சும் எடுத்துட்டு வா. மோந்து பாத்துட்டுப் பீச்சு, வரும்" என்றார்.

மறுநாள் குழந்தையைச் சுற்றியிருந்த பழைய துண்டை மடித்துத் தூக்குப்போசிப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். மத்தியானம் வேஸ்ட் மூட்டைகள் போடுகிற அறைக்குப் போய் உட்கார்ந்தேன். துண்டு மெலிசு, கைக்குள் நிற்கவில்லை. அதனால் கீழே கிடந்த பனியன் வேஸ்ட்டை அள்ளி அதற்குள் வைத்து உருட்டினேன். ஒரு குழந்தை அளவுக்கு வந்தது. மடியில் போட்டேன். மூக்கை வைத்து மோந்தேன். என் குழந்தையின் வாசனை அப்படியே இருந்தது. எனக்குப் பால் வந்தது. இரண்டு பக்கமும் சளசளவென்று வந்தது. அழுகையும் சந்தோசமுமாக நான் அந்த உருண்டையை இறுக்கி அணைத்தேன். அணைத்த வேகத்தில் ஒரு ஓரம் பிரிந்து உள்ளே இருந்த வேஸ்ட் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பத்து வயசுக் கை இரண்டும் அந்தத் துணி உருண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. மாடும் நீயும் ஒண்ணா என்று அத்தை கேட்டாரே. ஒன்றுதான் அத்தை. ஒன்றேதான்.

சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. ரவிக்கையைக் கூடச் சரியாக மாட்டாமல் சேலையைச் சுற்றிக்கொண்டு வீதியில் ஓடினேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அத்தை குழாயடிக்குத் தண்ணிக்குப் போயிருந்தார். குழந்தை தொட்டிலில் கிடந்தாள். எடுத்தால் கனமே இல்லை. மடியில் போட்டு மார்பைக் கொடுத்தேன்.

குடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாலாடை பழகிய வாய், பிடிக்கத் தெரியவில்லை. திருப்பி வைத்தேன், நழுவியது. மறுபடி வைத்தேன், இரண்டு இழு இழுத்தாள், ஒன்றும் வரவில்லை, விட்டுவிட்டாள். துணி உருண்டைக்கு விட்ட சொரப்பு சொந்தக் குழந்தைக்கு விட மாட்டேன் என்கிறதே. முருகா, பாலைக் குடித்துவிட்டேனே, எல்லாம் குடித்தேனே, இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று வாய்விட்டே கேட்டேன். அத்தை வருகிற நேரமாகிவிட்டது. என் கைக்குள் அவள் கண்ணை மூட ஆரம்பித்தாள், தூக்கமா மயக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் செய்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. குனிந்து அவள் நெற்றியை நக்கினேன். யோசித்துச் செய்யவில்லை. நெற்றி, உச்சி, பீளை காய்ந்திருந்த இமை, காது மடல், எல்லாம் நக்கினேன். உப்பாக இருந்தது. வேர்வையும் பழைய பாலும் கலந்த வாசனை. அவள் சிணுங்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். எனக்கு முதுகிலிருந்து கிளம்பி, கக்கம் வழியாக ஊசி குத்துகிற மாதிரி இறங்கியது. சொரப்பு விட்டது. வாய் நிறைந்து வழிகிற அளவுக்கு விட்டது. அவள் புரையேறி இருமினாள், பிறகு பிடித்துக்கொண்டாள், பிறகு மடக்கு மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு ஈடாக நான் இதுவரை ஒன்றையும் கேட்டதில்லை.

நிமிர்ந்தபோது வாசற்படியில் அத்தை இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தார். எப்போது வந்தார், எதையெல்லாம் பார்த்தார் என்று தெரியாது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். குழந்தையின் கடைவாயில் வழிந்த பாலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வந்துருச்சா அம்மிணி?"

"வந்துருச்சுங்கத்தை."

"நாந்தான் சொன்னேனல்ல. ஒரு மண்டலங்கூட ஆகலே, அதுக்குள்ள எப்படிச் சொரப்பு உட்டிருக்குது பாரு. பாலுக்குப் பாலுதான் மருந்து. மொதல்லயே கேட்டிருந்தீன்னா புள்ள இப்படி எலும்பாகியிருக்குமா?" என்றவர், அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "என்ற ரெண்டும் இப்படி வாய வெச்சுக் குடிக்காமத்தான் கண்ணு போச்சுக."

எனக்குச் சொல்வதற்கு வாய் நிறைய இருந்தது. பால் எப்போதுமே இருந்தது, நீங்கள்தான் கன்றைப் பிரித்துக் கட்டினீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சாக்கடையில் போனது எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். எப்பேர்ப்பட்ட வாய் என்னுடையது. ஆனால் குழந்தை குடித்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் ஒரு வார்த்தை தப்பாகப் போனால், அத்தை கை நீட்டி அவளை வாங்கிக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

"ஆமாங்கத்தை, பால் குடிச்சதுனாலதானுங்க" என்றேன்.

குழந்தை பிழைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொடையில் சதை பிடித்தது. மத்தியானம் அத்தையே அவளைக் கம்பெனிக் கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வழியெல்லாம் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும், பாலைத் தொடாமல் பிடிவாதம் பிடித்த மருமகள் பால் குடித்ததும் எப்படிச் சொரப்பு வந்தது என்ற கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். அந்த வீதியில் அதற்கப்புறம் எத்தனை பேரைக் குடிக்கச் சொல்லி என்னை எடுத்துக்காட்டினார்களோ, நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. என் மகளுக்கே அந்தக் கதைதான் தெரியும். எங்கம்மா எனக்காகப் பால் குடிச்சாங்க என்று பெருமையாகச் சொல்வாள்.

பொய் இல்லை, குடித்தேன். அவள் மார்பை மறக்கிற வரைக்கும், ஒரு வருஷத்துக்கு மேல், காலையும் மாலையும் அத்தை கண்முன்னால் ஒரு டம்ளர் குடித்தேன். நிறுத்தினால் குழந்தையைப் பிரித்துவிடுவாரோ என்ற பயம் போகவே இல்லை. தினமும் காலையில் வாசலில் மாட்டு மணி கேட்கும். நான் அடுப்படியை விட்டு நகர மாட்டேன். அந்த ஒரு வருஷத்தில், கன்று நடந்து வருகிறதா, பால்காரரின் கக்கத்தில் வருகிறதா என்று ஒரு நாள்கூட நான் எட்டிப் பார்க்கவில்லை.